கூரையின் நிறம் துப்புதான், தீர்ப்பல்ல! செயற்கைக்கோள் படத்தில் ஏழை வீடு தெரியுமா?

கென்யாவின் மேற்குப் பகுதியில், விக்டோரியா ஏரியை ஒட்டி இருக்கிறது சியாயா. அங்குள்ள கிராமங்களில் 'கிவ் டைரக்ட்லி' என்ற தொண்டு நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. ஆடு, மாடு, தையல் மெஷின் எதுவும் இல்லை. செல்போன் வழியாக ரொக்கம், அவ்வளவுதான். 2014-ல் தொடங்கிய பெரிய சுற்றில் மட்டும் 10,500-க்கும் அதிகமான குடும்பங்களுக்கு, தலா சுமார் 1,000 டாலர் போய்ச் சேர்ந்தது.

யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்த விதி ஒரே வரிதான். கூரை புல்லால் வேய்ந்ததா? பணம் உண்டு. தகரம் போட்டதா? கிடையாது.

வருமானச் சான்றிதழ் இல்லாத ஊரில் இது புத்திசாலித்தனமான விதி. சம்பளத்தைக் குறைத்துச் சொல்லலாம், ஆட்டை அடுத்த வீட்டில் கட்டலாம். கூரையை ஒளிக்க முடியாது. அதுமட்டுமல்ல, புல் பழுப்பாக இருக்கும், தகரம் வெள்ளியாகப் பளபளக்கும். அப்படியானால் வீடு வீடாக எதற்கு அலைய வேண்டும், வானத்திலிருந்தே பார்த்துவிடலாமே?

இந்த யோசனையைச் செய்தும் பார்த்தார்கள். 'டேட்டாகைண்ட்' அமைப்பின் தன்னார்வலர்கள் கிவ் டைரக்ட்லிக்காக ஒரு புரோகிராம் எழுதினார்கள். கென்யா, உகாண்டா கிராமங்களின் செயற்கைக்கோள் படங்களில் எத்தனை புல் கூரை, எத்தனை தகரக் கூரை என்று அது எண்ணும். எந்தக் கிராமத்தில் வறுமை அதிகம் என்று வரிசைப்படுத்தும். இந்த வேலையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2014-ல் வெளியானது.

அதன் பிறகு தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. கூகுளின் 'ஓப்பன் பில்டிங்ஸ்' தொகுப்பில் ஆப்பிரிக்கா, தெற்காசியா, லத்தீன் அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் 180 கோடிக் கட்டடங்களின் வெளிக்கோடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டடம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை வந்துவிட்டது. அடுத்த கேள்வி, அதன் கூரை என்ன, உள்ளே இருப்பவர் யார் என்பது. இங்கேதான் கொஞ்சம் பிரேக் போட வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் நிறத்தை எப்படிப் பார்க்கிறது?

செயற்கைக்கோள் படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். சாதாரண வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் இருக்கும்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நீல எண் மற்ற இரண்டையும்விட நன்றாக உயர்ந்திருந்தால் அது நீலத் தார்பாயாக இருக்கலாம். மூன்றுமே உச்சத்தில் இருந்தால் புதுத் தகரமாகவோ வெள்ளையடித்த மாடியாகவோ இருக்கலாம். கம்ப்யூட்டருக்குக் கூரை தெரியாது, எண்கள்தான் தெரியும்.

இதற்கு நல்ல உதாரணம் ஹைட்டி. 2010 ஜனவரி 12 அன்று அங்கே பெரும் நிலநடுக்கம். வீடிழந்த மக்கள் நீலத் தார்பாயைக் கட்டிக்கொண்டு கிடைத்த இடத்தில் தங்கினார்கள். தொலைத்தொடர்பு இல்லை, சாலை இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் குழு விமானத்தில் பறந்து படம் எடுத்தது. நீலம் எங்கே தெரிகிறதோ அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது கணக்கு.

அந்தப் படங்களிலிருந்து உருவான தரவுத் தொகுப்பு ஒன்றை இன்றும் டேட்டா சயின்ஸ் மாணவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் 63,241 பிக்சல்கள். தார்பாய் பிக்சல்கள் வெறும் 2,022. சோம்பேறி புரோகிராம் ஒன்று எதையுமே பார்க்காமல் 'எங்கேயும் தார்பாய் இல்லை' என்று சொன்னால்கூட அதன் துல்லியம் கிட்டத்தட்ட 97 சதவீதம்! மதிப்பெண் பிரமாதம். ஆனால் ஒரு குடும்பத்துக்குக்கூடத் தண்ணீர் போய்ச் சேராது.

'எங்கள் ஏஐ 97 சதவீதம் துல்லியமானது' என்று யாராவது ஸ்லைடு போட்டுக் காட்டினால், ஐடி வேலையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மீதி 3 சதவீதத்தில் இருப்பது யார்?

ஒரே கூரை, பல நிறம்

நிறம் நிலையானது என்று நினைப்பதில்தான் முதல் சிக்கல். புதிய தகரம் கண்ணாடி மாதிரி. சூரியன் ஒரு கோணத்தில் இருந்தால் வெள்ளையாகப் பளிச்சிடும், இன்னொரு கோணத்தில் சாம்பல். சில மழைக்காலம் போனால் துரு ஏறி, பக்கத்தில் இருக்கும் செம்மண்ணோடு கலந்துவிடும். புதிதாக வேய்ந்த புல் பொன் பழுப்பு. பழசானால் சாம்பல். கோடையில் காய்ந்த வயலுக்கும் புல் கூரைக்கும் எண்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. மூடுபனி, புகை, மரநிழல் எல்லாம் எண்களை மாற்றிவிடும்.

இரண்டாவது சிக்கல் படத்தின் அளவு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஆனால் அதில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 1,000 சதுர அடிக்கும் மேல். 200 சதுர அடிக் குடிசை, அதன் முற்றம், பக்கத்து வேப்பமரம் எல்லாம் சேர்ந்து ஒரே பிக்சலில் அரைபட்டுவிடும். கிடைக்கும் நிறம் எதனுடையதும் இல்லை.

தனியார் செயற்கைக்கோள்களில் துல்லியம் அதிகம். ஆனால் அங்கேயும் ஒரு சங்கதி உண்டு. வேர்ல்டுவியூ-3 செயற்கைக்கோளின் 31 சென்டிமீட்டர் துல்லியம் கறுப்பு வெள்ளைப் படத்துக்கானது. அதன் வண்ணப் படத்தின் பிக்சல் 1.24 மீட்டர். இரண்டையும் கணக்குப்போட்டு ஒட்டித்தான் பளிச்சென்ற வண்ணப் படம் தயாராகிறது. கோடு கூர்மையாக இருக்கும், நிறம் அக்கம்பக்கத்தில் இருந்து வழிந்து வந்ததாக இருக்கும். சின்ன வீட்டின் ஓரத்தில் இது நன்றாகவே தெரியும். வீடு சின்னதாக ஆக ஆக, நிறத்தின் மீதான நம்பிக்கையும் குறைகிறது. கூரையை வைத்துத் தேடப்படுவதோ சின்ன வீடுகள்தான்.

இதையெல்லாம் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனி எண்களாகப் பிரித்துக்கொள்வது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலைகளையும் சேர்த்துப் பார்ப்பது இன்னொன்று. பச்சை இலை அந்த அலையை அதிகம் திருப்பி அனுப்பும், பச்சைப் பெயின்ட் அடித்த ஷீட் அந்த அளவுக்கு அனுப்பாது. இப்போதைய மெஷின் லேர்னிங் மாடல்கள் நிறத்தோடு விளிம்பு, நிழல், வடிவம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கின்றன. பிழை குறையும். ஆனால் பூஜ்யம் ஆகாது.

நீலம் என்றால் ஏழையா, பணக்காரரா?

மூன்றாவது சிக்கல் டெக்னாலஜி சம்பந்தப்பட்டதே அல்ல. அது அர்த்தம் சம்பந்தப்பட்டது.

ஹைட்டியில் நீலம் என்றால் வீடிழந்தவர். அதே 2010-ல் கிரீஸ் நாட்டு வரி அதிகாரிகள் ஏதென்ஸின் வசதியான வடக்குப் புறநகர்களை வானத்திலிருந்து எடுத்த படங்களில் நீலத்தைத் தேடினார்கள். அங்கே நீலம் என்றால் நீச்சல் குளம். வரிக் கணக்கில் காட்டப்பட்டவை 324. படத்தில் எண்ணியபோது கிடைத்தவை 16,974! ஒரே நிறம். ஒரு ஊரில் நிவாரணத்துக்கு, இன்னொரு ஊரில் வரி நோட்டீஸுக்கு.

போர்ட்டோ ரீக்கோ கதை இன்னும் நுட்பமானது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு 'நீலக் கூரை' திட்டத்தில் கிட்டத்தட்ட 60,000 வீடுகளுக்கு நீல ஷீட் போட்டுக் கொடுத்தது. வானத்திலிருந்து பார்த்தால் தீவு முழுக்க நீலப் புள்ளிகள். நீலம் அதிகமாக இருக்கும் இடத்தில் சேதமும் அதிகம் என்றுதானே தோன்றும்?

இல்லை. ஷீட்டை ஆணியடித்து நிறுத்த வீட்டின் சட்டகம் மிச்சம் இருக்க வேண்டும். கட்டமைப்பில் பாதிக்கு மேல் சேதமான வீடு அந்தத் திட்டத்தில் சேராது. ஆக, கூரையோடு சுவரும் போன குடும்பத்தின் வீட்டில் நீலமே இருக்காது. நீலத்தை மட்டும் எண்ணினால், அதிகம் இழந்தவர்தான் முதலில் கணக்கிலிருந்து காணாமல் போவார்.

எங்கே இது உருப்படியாக வேலை செய்கிறது?

அப்படியானால் இந்த முறையே வேஸ்ட்டா? நிச்சயமாக இல்லை. எந்தக் கேள்விக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2021-ல் கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சியாயாவுக்கே திரும்பிப் போனார்கள், நேரில் அல்ல, படத்தின் வழியாக. கட்டடங்களை மாடல் அடையாளம் கண்டது. கூரையின் நிறத்தை வைத்துப் புல், தகரம் என்று வகை பிரித்தார்கள். பணம் வாங்கிய குடும்பங்களின் கட்டடப் பரப்பும் தகரக் கூரைப் பரப்பும் கூடியிருப்பது படத்திலேயே தெரிந்தது. அந்த வட்டாரத்தில் முன்னதாக வீடு வீடாகப் போய் நடத்திய இன்னோர் ஆய்வும் பணம் வாங்கியவர்கள் அதிகம் தகரக் கூரைக்கு மாறினார்கள் என்றே சொல்லியிருந்தது. ஆண்டுதோறும் புல் மாற்றும் செலவு மிச்சம் என்பதால் அது நல்ல முதலீடும்கூட.

நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் மூன்று பொருளாதார அறிஞர்கள் இதைவிட எளிமையான ஒன்றைச் செய்தார்கள். கூரையின் பளபளப்பை அளந்தார்கள். பளபளப்பு கூடினால் வீட்டுக்காரர் புதுத் தகரம் போட்டிருக்கிறார், மங்கினால் செலவே செய்யவில்லை. யார் வீட்டில் முதலீடு செய்கிறார், யார் செய்வதில்லை என்ற கேள்விக்கு அந்த ஒளியே சான்றானது.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. கேள்வி ஆயிரக்கணக்கான கூரைகளின் சராசரியைப் பற்றியது. துருப்பிடித்த ஒரு தகரத்தைப் புல் என்று மெஷின் தப்பாக எண்ணலாம், இன்னோர் இடத்தில் புல்லைத் தகரம் என்று எண்ணலாம். பெரும் கூட்டத்தில் அந்தப் பிழைகளில் ஒரு பங்கு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

பயனாளிகள் பட்டியலில் அப்படி எதுவும் அடித்துக்கொண்டு போகாது. தகுதியுள்ள ஒரு வீடு விட்டுப்போய், தகுதியில்லாத ஒரு வீடு சேர்ந்தால், கணக்கில் பிழை சமன் ஆகிவிட்டது என்று விட்டுப்போன குடும்பத்திடம் சொல்ல முடியுமா? சராசரியில் கரையும் பிழை, ஒரு ஆளின் பெயரில் கரையாது.

தமிழ்நாட்டில் மேலிருந்து பார்த்தால்...

கூரையை வைத்து வறுமையை அளப்பது நமக்கும் புதிதல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் கூரை எதனால் ஆனது என்று ஒரு கேள்வியே உண்டு: ஓலையா, பிளாஸ்டிக்கா, ஓடா, ஷீட்டா, காங்கிரீட்டா? 2024-ல் தமிழக அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தின் இலக்கே 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு. 8 லட்சம் வீடுகள், ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். கூரை என்ன என்பது இங்கேயும் பணம் சம்பந்தப்பட்ட கேள்விதான்.

படமும் நம்மிடம் இருக்கிறது. 2019-ல் ஏவப்பட்ட இஸ்ரோவின் கார்ட்டோசாட்-3 தரையில் 28 சென்டிமீட்டர் அளவு வரை பிரித்துப் பார்க்கும். இத்தனை லட்சம் வீட்டை ஆள் போட்டுப் பார்ப்பானேன், ஏஐயிடம் விட்டுவிடலாமே என்ற யோசனை யாருக்கும் எளிதாக வரும்.

அந்த யோசனையை நம்மூர் கூரைகளோடு கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். வெயிலுக்காக மொட்டை மாடி மேல் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்ட இரண்டு மாடி வீடு, மேலிருந்து பார்த்தால் குடிசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓலை வேய்ந்த ரிசார்ட்டும் குடிசை. உண்மையான குடிசையோ மழைக்காலம் வந்தால் தார்பாய்க்குள் ஒளிந்துகொள்ளும். கழற்றிய ஃபிளெக்ஸ் பேனரைக் கீற்றின் மேல் விரித்துக் கல் வைத்த வீட்டுக்கு எந்த நிறம்? தலைவர் சட்டையின் வெள்ளையா, நகைக்கடை விளம்பரத்தின் சிவப்பா? கடன் வாங்கி கலர் ஷீட் போட்ட கூலித் தொழிலாளி, மாடலின் கண்ணுக்கு வசதியானவர்.

கூரை, வீட்டின் மேல் பக்கத்தைத்தான் சொல்லும். உள்ளே எத்தனை பேர், வாடகையா சொந்தமா, தகரம் வாங்கிய வட்டி இன்னும் ஓடுகிறதா என்பதைச் சொல்லாது.

ஆனால் மனிதர்கள் எழுதும் பட்டியல் மட்டும் சுத்தமா?

இந்த எதிர்க்கேள்வியில் நியாயம் இருக்கிறது. நேரில் எழுதும் பட்டியலில் சாதி புகும், கட்சி புகும், 'நம்மாளுப்பா, சேத்துக்கோ' புகும். ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் தெருவைக் கணக்கெடுக்க வருபவர் மறந்துவிடுவார். வெள்ளத்தில் சாலை துண்டித்தால் அவரால் வரவே முடியாது.

செயற்கைக்கோள் லஞ்சம் கேட்காது. பட்டாவும் கேட்காது. புறம்போக்கில் இருப்பதால் எந்தப் பட்டியலிலும் இல்லாத குடிசைகூட அதன் படத்தில் இருக்கும். காகிதத்தில் இல்லாத ஒரு தெருவை அதிகாரிகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஆனால் அதே படம், அதே தெருவை ஆக்கிரமிப்பு என்று வட்டம் போட்டுக் காட்டவும் உதவும். நிவாரணம் கொண்டுவரும் லாரிக்கும் வீட்டை இடிக்க வரும் ஜேசிபிக்கும் ஒரே மேப் போதும். அதனால்தான் இதை வெறும் டெக்னாலஜி விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. படத்தை யார் பார்க்கிறார், எதற்காகப் பார்க்கிறார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

என்ன விதி வேண்டும்?

முதல் விதி: சேர்ப்பதற்குப் பயன்படுத்தலாம், நீக்குவதற்குக் கூடாது. பட்டியலில் இல்லாத குடிசை ஒன்று படத்தில் தெரிந்தால் ஆள் போய்ப் பார்க்கட்டும். பட்டியலில் இருக்கும் ஒருவரை 'உங்கள் கூரை தகரம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது' என்று நீக்கக் கூடாது. நீக்க வேண்டுமானால் ஒரு மனிதர் அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, படத்தின் தேதி. புயலுக்கு முன் எடுத்த படத்தை வைத்துப் புயல் நிவாரணம் கொடுக்க முடியாது. போனில் நாம் பார்க்கும் மேப்ஸ் படம்கூட வெவ்வேறு நாளில் எடுத்த துண்டுகளை ஒட்டியதுதான். எந்தத் தேதிப் படத்தை வைத்து முடிவு எடுத்தார்கள் என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஒட்டுமொத்தத் துல்லியத்தை மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஓலை வீட்டில் எத்தனை தவறின, ஓட்டு வீட்டில் எத்தனை, கடலோரத்தில் எத்தனை, மலையில் எத்தனை என்று பிரித்து வெளியிட வேண்டும். ஒரு ஊரின் கூரைகளில் பழகிய மாடலை இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் கூடாது.

நான்காவது, விதி வெளியே தெரிந்தால் மக்களும் மாறுவார்கள் என்பதை ஏற்க வேண்டும். சியாயாவில் இதுதான் நடந்தது. புல் கூரைக்குத்தான் பணம் என்று தெரிந்ததும் சிலர் புல் வீட்டில் குடியிருப்பதாகக் காட்டிக்கொண்டார்கள். சேமித்துத் தகரம் போட்டவர்களோ, 'ஒழுங்கா வீட்டைக் கட்டினது தப்பா?' என்ற இடத்தில் நின்றார்கள். பிறகு கிவ் டைரக்ட்லி கூரை விதியை விட்டு நகர்ந்து, தேர்ந்தெடுத்த கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுக்கும் முறைக்கு மாறியது. எந்த ஊர் என்று கண்டுபிடிக்கப் படம் போதும், அந்த ஊருக்குள் எந்த வீடு என்று பிரிக்கக் கூரை போதாது என்பதுதான் அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

ஐந்தாவது, மேல்முறையீடு. 'என் வீட்டைத் தப்பாகப் பார்த்துவிட்டீர்கள்' என்று சொல்ல ஒரு போன் நம்பர், கேட்க ஒரு அதிகாரி, பதில் சொல்ல ஒரு கெடு. இந்த மூன்றும் இல்லாத எந்த மாடலையும், அதன் துல்லியம் 99 சதவீதமாக இருந்தாலும், பணத்தோடும் வீட்டோடும் விளையாட விடக் கூடாது.

இது அதிகச் செலவு பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். ஆனால் செயற்கைக்கோள் மிச்சப்படுத்தித் தரும் பணத்தில் ஒரு பங்கைத் தரையில் நடந்து போய்ப் பார்க்கும் ஆளுக்குக் கொடுப்பது வீண்செலவு அல்ல. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று வானம் சொல்லட்டும். யாருக்குக் கிடைக்கும் என்பதை, அந்தக் கூரைக்குக் கீழே தலையைக் குனிந்து உள்ளே போன ஒருவர் சொல்லட்டும்.